கட்டினவன் ஏமாளியா?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில், திண்டுக்கல் வட்டாரத்தில் பணிபுரியும் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நான் உங்களிடம் மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றியும், நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைப் பற்றியும்தான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது வேறு விஷயம். நாம் ‘சொசைட்டி’ என்று சொல்கிறோமே, அந்தத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பற்றியது. அது எப்படி வந்தது, அதற்கான சட்டத்தை யார் கேட்டு யார் போட்டார்கள், இன்று அந்தச் சட்டத்தில் நமக்கு என்ன இடம் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

இதைப் பேச வைத்தவர் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். இரண்டரை ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு. கோடையில் கிணற்றில் தவளைகூடக் கத்தாது. 2021-ஆம் ஆண்டு தைப்பொங்கல் வாரத்தில், தவணை தவறக்கூடாது என்று இரண்டு வெள்ளாடுகளை விற்று சொசைட்டிக் கடனைக் கட்டிவிட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஜனவரி 31 வரை நிலுவையில் இருந்த கூட்டுறவுப் பயிர்க்கடன் எல்லாம் தள்ளுபடி. பக்கத்துக் காட்டுக்காரர் கட்டாமல் வைத்திருந்தார். அவருக்குத் தள்ளுபடி ஆயிற்று. இவருக்கு ரசீதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் பயிற்சிக் கூட்டம் முடிந்து புளியமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “சார், நீங்க படிச்சவுக. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கட்டுனவன் ஏமாளியா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “பார்த்துச் சொல்றேன் அய்யா” என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல முயல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சட்டம் எதுவும் சும்மா வந்துவிடுவதில்லை. 1875-ஆம் ஆண்டு மே மாதம் மராட்டியப் பகுதியில், புனே மாவட்டத்து சூபா என்ற ஊரில் விவசாயிகள் திரண்டார்கள். லேவாதேவிக்காரர்களின் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் பறித்துத் தீயிட்டார்கள். அது பக்கத்து ஊர்களுக்கும் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவிற்று. அவர்கள் குறி வைத்தது பெரும்பாலும் ஆளை அல்ல, கைநாட்டு வைத்த காகிதத்தை என்பதைக் கவனியுங்கள். அதன் பின்னர்தான் 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. 1883-லும் 1884-லும் நில அபிவிருத்திக்கும், விதை, மாடு வாங்குவதற்கும் சர்க்கார் கடன் கொடுக்கும் சட்டங்கள் வந்தன. தக்காவிக் கடன் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் சர்க்கார் கடன் ஊருக்கு ஊர் எட்டவில்லை. அப்போது நம்முடைய சென்னை மாகாண அரசு 1892-ல் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. விவசாயிக்கென்று வங்கி ஏற்படுத்த முடியுமா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். கோயமுத்தூர் மாவட்ட விவரநூலை எழுதியவர் அவர். நம் பக்கத்துக் கிணற்றுப் பாசனமும் புஞ்சைக் காடும் அவருக்குத் தெரியாதவை அல்ல. 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை கொடுத்தார். மாகாணத்து விவசாயிகளின் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அந்தக் காலத்து 45 கோடி!

நிக்கல்சன் ஐரோப்பா முழுவதும் கிராம வங்கிகளைப் பற்றிப் படித்தார். அவர் கண்ணில் பட்டவர் ஜெர்மனி நாட்டில் ஒரு சிற்றூர்த் தலைவராக இருந்த ரைஃபைசன். 1818-ல் பிறந்து 1888-ல் காலமானவர். பஞ்சத்தில் ஏழை விவசாயிக்கு ரொட்டியும் கடனும் கொடுத்துப் பார்த்தார். தர்மப் பணம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு வழியைக் கண்டார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சேர்ந்து சங்கம் வைக்க வேண்டும். ஒருவன் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. லாபம் யார் வீட்டுக்கும் போகாது. சங்கத்தின் சேமநிதியிலேயே நிற்கும். இத்தகைய ஓர் ஆள் நமக்கும் வேண்டும் என்பதே நிக்கல்சன் அறிக்கையின் சாரம்.

அறிக்கை உடனே பலிக்கவில்லை. 1901-ல் இந்திய அரசு எட்வர்டு லா என்பவர் தலைமையில் குழு அமைத்தது. அதற்குப் பின் 1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. நாட்டிலேயே முதன்முதலாகப் பதிவான சங்கங்களில் அது ஒன்று. நம் தமிழ் மண்ணுக்கு இது பெருமை.

அந்த 1904-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்லிற்று? ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் போதும், சங்கம் வைக்கலாம். கிராமச் சங்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர் விவசாயிகளாக இருக்க வேண்டும். பொறுப்பு வரம்பற்றது, அதாவது ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அரசு தணிக்கை செய்து கொடுக்கும். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வருமான வரி ஆகியவற்றில் சலுகை தரலாம்.

பெரியவரின் கேள்விக்கு முதல் பாதி விடை இங்கே இருக்கிறது. இந்தச் சட்டம் கட்டுகிறவனை நம்பி எழுதப்பட்ட சட்டம். சங்கத்துக்கு மூலதனமே அவன்தான். கட்டினவன் பெயர் ஊரில் நாணயமான பெயர். அவனுக்காக மற்றவன் ஜாமீன் நிற்பான். கட்டாதவன் தன் அண்ணன் தம்பி தலையில் பாரத்தை ஏற்றுகிறான் என்பது எல்லோருக்கும் கண்கூடு. அப்போது யாரும் ‘கட்டினவன் ஏமாளியா’ என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 1907-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடை முதலாளி ஃபைலீன் என்பவர் இந்தியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்தார். வங்காளத்தில் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வியந்து போனார். ஊருக்குத் திரும்பி, கனடாவில் 1900-லேயே மக்கள் வங்கி தொடங்கியிருந்த தெஜார்தேன் போன்றவர்களோடு சேர்ந்து பாடுபட்டார். 1909-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1934-ல் அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வந்தது. நம் கிராமத்தைப் பார்த்துப் பணக்கார நாடு பாடம் படித்த கதை இது.

சரி, நம் கதைக்கு வருவோம். 1912-ல் புதுச் சட்டம் போட்டு, கடனுக்கு மட்டுமல்லாமல் விற்பனைக்கும் கொள்முதலுக்கும் சங்கம் வைக்கலாம், சங்கங்கள் சேர்ந்து மேலே ஒரு வங்கி வைக்கலாம் என்றார்கள். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கூட்டுறவு மாகாணத்தின் கைக்கு வந்தது. அதன்படி 1932-ல் சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கச் சட்டம் இயற்றிக்கொண்டது.

ஆனால் அப்போது காலம் கெட்டுக் கிடந்தது. உலகமெங்கும் விலைவாசி சரிந்தது. நெல்லும் கடலையும் விலை போகவில்லை. வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. 45 கோடி என்று நிக்கல்சன் சொன்ன கடன், 1930-ல் வங்கி விசாரணைக் குழுவின் கணக்கில் 150 கோடி ஆயிற்று. 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி கொடுத்த அறிக்கையில் 200 கோடி. கூட்டுறவுச் சங்கம் வந்து முப்பது ஆண்டு ஆகியும் கடன் குறையவில்லை, பாருங்கள்.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் வரை ஏறி நின்ற வட்டி முழுவதும் போயிற்று. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பூட்டன் காலத்துப் புரோநோட்டு ஒன்று இருந்தது. கறுத்துப்போன கைநாட்டு. அதைக் கிழிக்க வைத்தது இந்தச் சட்டம்தான் என்று என் தாத்தா சொல்வார். ஆனால் அதோடு இன்னொன்றும் சொல்வார்: “அதுக்கப்புறம் கைமாத்து கேட்டா, தலையை ஆட்டுறவன் ஊருக்குள்ள இல்லாமப் போயிட்டான்.” நிவாரணம் பழைய கடனைத் தீர்க்கும், அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் பணம் கொடுக்காது. அதற்கு ஒரு நிலையான இடம் வேண்டும். அந்த இடம் சங்கம்தான்.

சுதந்திரம் வந்த பிறகு, 1951-52-ல் ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடனைப் பற்றி ஆய்வு நடத்தியது. கோர்வாலா தலைமையிலான குழு 1954-ல் அறிக்கை தந்தது. விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்தான். லேவாதேவிக்காரர்கள் கொடுப்பது ஏறக்குறைய எழுபது ரூபாய். கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனாலும் அது ஜெயித்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்தது. வழி என்ன? அரசே சங்கங்களில் பங்குதாரர் ஆகட்டும், பணம் மேலிருந்து வரட்டும் என்றார்கள். 1956-ல் ரிசர்வ் வங்கி அதற்கென்று ஒரு நிதியே ஏற்படுத்தியது.

இங்கேதான் பாதை திரும்பிற்று. பணம் வந்தது உண்மை. பச்சைப் புரட்சிக் காலத்தில் குட்டை ரக நெல்லுக்கும் உரத்துக்கும் பம்பு செட்டுக்கும் சொசைட்டி இல்லாவிட்டால் நம் பாடு என்ன ஆகியிருக்கும்? ஆனால் பணத்தோடு அதிகாரமும் மேலே போயிற்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், 1983-ல் இயற்றி 1988 ஏப்ரலில் அமலுக்கு வந்த இன்றைய தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், இரண்டிலும் பதிவாளரின் கை ஓங்கியிருக்கிறது. நிர்வாகக் குழுவைக் கலைக்கலாம். தனி அலுவலரை நியமிக்கலாம். 1976-க்குப் பிறகு நீண்ட காலம் நம் சங்கங்கள் தனி அலுவலர் கையில்தான் இருந்தன. 1996-ல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. ஒரு தலைமுறை விவசாயி சங்கத்தில் ஓட்டுப் போடாமலே கடன் வாங்கினான், கடன் கட்டினான். ‘நம்ம சங்கம்’ என்று சொன்னது போய் ‘கவர்மெண்டு சொசைட்டி’ என்று ஆயிற்று.

கவர்மெண்டுப் பணம் என்றால் கேட்பதும் கவர்மெண்டிடம்தானே? 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் தமிழக விவசாயிகள் சங்கம் மின்கட்டணத்தையும் கடன் வசூலையும் எதிர்த்துப் போராடிற்று. ஜப்தி என்று அதிகாரி வந்தால் ஊரே திரண்டு நிற்கும். 1978-ல் நம்முடைய வேடசந்தூரில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிகள் உயிரிழந்தார்கள். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-ல்தான் பிரிந்தது. அந்த மண்ணில் நின்று பேசுகிறவன் கடன் நிவாரணத்தை இளக்காரமாகப் பேச முடியாது. மழை பொய்த்து, கிணறு வற்றி, மாடு விற்ற பிறகு கடனைக் கட்டு என்றால் எதை வைத்துக் கட்டுவது?

ஆகவே தள்ளுபடிகள் வந்தன. 1990-ல் மத்திய அரசு ரூ. 10,000 வரை கடன் நிவாரணம் தந்தது. 2006-ல் கருணாநிதி முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கூட்டுறவு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்து உத்தரவிட்டார். 2016-ல் ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி தந்தார். ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவருக்கு இல்லை. அதை எதிர்த்து ஒரு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் எல்லோருக்கும் கொடு என்றது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்து, 2021 நவம்பரில் சிறு, குறு விவசாயிக்கு மட்டும் என்று அரசு பிரித்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி சுமார் 16 லட்சம் விவசாயிகளின் ரூ. 12,110 கோடியைத் தள்ளுபடி செய்து அறிவித்திருந்தார். நம் பெரியவர் ஆடு விற்றது அந்தத் தை மாதத்தில்.

இத்தனை உத்தரவிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? கட்ட முடியாதவனுக்கு இடம் இருக்கிறது. முடிந்தும் கட்டாதவனும் கூட்டத்தோடு உள்ளே வந்துவிடுகிறான். ஆட்டை விற்றுக் கட்டினவனுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஏன்? கட்ட முடியாதவர்களுக்காகப் போராடினார்கள், மனுக் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். கட்டினவனுக்காக யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

முற்றிலும் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. 2009-10 முதல் நம் மாநிலத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஒரு லட்சம் வாங்கினால் நூற்றுக்கு ஏழு வீதம் ஆண்டுக்கு ரூ. 7,000 வட்டி, தவணையில் கட்டுகிறவருக்கு அது மிச்சம். அதே ஒரு லட்சத்தை வெளியே மூன்று வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு ரூ. 36,000 போகும். இந்தக் கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் அது ஓயவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சங்கம் படுத்துவிட்டால் நாம் போய் நிற்கப்போவது அந்த வாசலில்தான்.

இனி, அண்மைக் காலச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பொருளாதார அறிஞர் வைத்தியநாதன் தலைமையில் ஒரு குழு 2005-ல் அறிக்கை தந்தது. நலிந்த சங்கங்களுக்கு அரசு பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தட்டும், ஆனால் ஒழுங்கான தேர்தலும் தணிக்கையும் நடக்க வேண்டும், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்றது. 2012 பிப்ரவரியில் அரசியல் சட்டத்தின் 97-ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது நம் அடிப்படை உரிமை ஆயிற்று. சங்க நிர்வாகம் பற்றி அதில் இருந்த விரிவான விதிகளை மட்டும், பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்று, உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் உள்மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்றது. ஆக, நம் ஊர்ச் சங்கத்தின் சட்டம் சென்னைக் கோட்டையில்தான் எழுதப்படும். அதைப் பற்றிக் கேட்க வேண்டியது நம் சட்டமன்ற உறுப்பினரிடம்.

2020-ல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுறவு வங்கிகள்மீது ரிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கினார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இதில் வரும். கிராமச் சொசைட்டி வராது. எனவே வங்கியில் போட்ட பணத்துக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதிக் காப்பீடு, கிராமச் சங்கத்தில் போட்ட பணத்துக்குக் கிடையாது. அங்கே காவல் நம் கண்தான்.

சட்டத்தை உறுப்பினர்கள் மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். முன்னே சொன்னேனே, அமெரிக்கக் கடன் சங்கங்கள்? 1998 பிப்ரவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, யார் உறுப்பினராகலாம் என்பதைச் சுருக்கிவிட்டது. உறுப்பினர்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். தலைநகருக்கே போய்க் கூடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. நம்மிடம் கற்றவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாதா?

எங்கே தொடங்குவது? முதலில் சங்கத்தின் துணைவிதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டுப் பொதுப்பேரவைக்குப் போய், காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வராமல், வரவு செலவையும் நிலுவைப் பட்டியலையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தள்ளுபடி செய்த தொகையில் அரசிடமிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவேண்டும் என்று கேளுங்கள். அது வந்தால்தான் சங்கத்தில் அடுத்த கடனுக்குப் பணம் புரளும். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கூட்டுறவு அதிகாரிகளும் இருப்பார்கள். தனியாகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். 1904-ல் சட்டம் கேட்டதும் பத்துப் பேரைத்தானே!

சில மாதம் கழித்து அந்தப் பெரியவரைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். “அய்யா, கட்டினவன் ஏமாளி இல்லை. சங்கம் நிற்பதே அவன் தோளில்தான். கட்டிவிட்டு வாய் திறக்காமல் வந்தானே, அங்கேதான் ஏமாந்தான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப வாயைத் தொறக்கணும்ங்கிறீங்க” என்றார்.

அடுத்த பொதுப்பேரவையில் எழுந்து நின்றிருக்கிறார். இனி எப்போது தள்ளுபடி வந்தாலும், அதற்கு முந்தைய ஓராண்டில் ஒழுங்காகக் கட்டினவருக்கும் ஒரு பங்கு சலுகை தர வேண்டும், அடுத்த கடனில் அவருக்கு முன்னுரிமை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதலில் சிரித்தார்களாம். பிறகு பதினான்கு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி மேலே அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

நிக்கல்சன் கேட்டதற்குச் சட்டம் வர ஏழு ஆண்டு ஆயிற்று. பெரியவர் கேட்டதற்கு எத்தனை ஆண்டு ஆகுமோ! பதினான்கு கைக்குப் பதிலாக ஒவ்வொரு ஊரிலும் நூறு கை எழுந்தால் சீக்கிரம் ஆகும். உங்கள் ஊர்ப் பொதுப்பேரவை என்றைக்கு என்று நாளைக் காலையிலேயே சொசைட்டியில் கேட்டு வையுங்கள்.